நாற்பத்தேழுக்கு நேரே

சொசைட்டி பால் நோட்டில்
அன்று காலை
நாற்பத்தேழுக்கு நேரே எதுவும் எழுதவில்லை நான்.
மாடு வற்றியிருக்கும் என்று நினைத்தேன்.
வண்டிக்காரன் இரண்டாவது ஹாரன் அடித்தான்.
கேனை மூடினோம்.

மேற்கே, இட்டேரி முடிகிற இடத்தில்
செங்கோடனும் வள்ளாத்தாளும்
அந்நேரம் சாளைக்குள் கிடந்தார்கள்.
கறக்காத மடியோடு
செவலை கத்திக்கொண்டே இருந்திருக்கிறது.
கேட்கிற தூரத்தில் வீடில்லை.
எங்கள் பக்கம்
ஒரு கதவுக்கும் அடுத்த கதவுக்கும் நடுவே
நாலு ஏக்கர் சோளத்தட்டு நிற்கும்.

எட்டேகால் பவுன் என்று பேப்பரில் போட்டிருந்தான்.
அதில் ஆறு பவுன் கவரிங்.
எனக்கு மட்டும் தெரியும்.
சங்கிலியை அடகு வைத்துவிட்டு வந்த அன்று
நோட்டில் கைநாட்டு வைத்துக்கொண்டே சொன்னாள்:
"என்ற மருமவகிட்டச் சொல்லிப்போடாத அம்மிணி."
அந்த ராத்திரி
அரிவாளுக்கு முன்னால்
அதைச் சொல்லியிருப்பாளா?
சொன்னாலும் நம்பியிருப்பார்களா?

நாயைப் பற்றி போலீஸ் கேட்டது.
நாய் மூன்று நாள் முன்பே
வாயில் நுரையோடு கட்டுத்தரையில் செத்துக் கிடந்தது.
பாம்பு கடித்ததென்று புதைத்துவிட்டார் செங்கோடன்.

பிறகு கேமராக்காரர்கள் வந்தார்கள்.
நாலு கேமரா, ஒரு டப்பா, பத்தொன்பதாயிரம்.
ராத்திரி முழுக்க அதில்
விளக்குப் பூச்சி பறக்கிறது,
தென்னை மட்டை ஒன்று விழுகிறது,
விடியும்வரை அந்த மட்டையையே
பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் ஜனங்கள்.

கிளுவை வேலியை வெட்டினால்
வெளியே யார் நிற்பது தெரியும் என்றார்கள்.
வெட்டினோம்.
உள்ளே யார் இல்லை என்பது
இப்போது ரோட்டிலிருந்தே தெரிகிறது.

தறிக்குடோன் பையன்கள் ஆறு பேரை
பஞ்சாயத்து ஆபீஸ் வெயிலில் நிற்கவைத்து
ஆதாரை ஜெராக்ஸ் எடுத்தார்கள்.
பிபின் மாஜி அதில் ஒருவன்.
தினம் அரை லிட்டர் வாங்குவான்,
சில்லறை பாக்கி வைக்க மாட்டான்.
இப்போது பாக்கெட் பால் வாங்குகிறான்.
நாலு மாதம் கழித்துப் பிடிபட்டவர்கள்
பக்கத்துத் தாலூக்கா,
தேங்காய் போட வந்தவர்கள்,
எங்களைப் போலவே
வார்த்தைக்கு வார்த்தை 'ங்க' போட்டுப் பேசுகிறவர்கள்.
வள்ளாத்தாள் அவர்களுக்கு
மோர் கொடுத்திருப்பாள்.
பிபினிடம் யாரும் போய் எதுவும் சொல்லவில்லை.
நானும்தான்.

பிடித்தாயிற்று.
ஆனாலும் நாலரைக்கு யாரும் கறப்பதில்லை.
வெளிச்சம் வரட்டும் என்று ஆறரைக்கு வருகிறார்கள்,
வண்டி கிளம்பிப் போயிருக்கிறது,
பால் திரிகிறது.
பன்னிரண்டு, பத்தொன்பது, முப்பத்துமூன்று
அடித்துவிட்டேன்.
மாட்டை விற்றுவிட்டு
திருப்பூரில் மகன் வீட்டு மூன்றாம் மாடியில் இருக்கிறார்கள்.
அறுநூற்றுச் சொச்சம் லிட்டர்
முந்நூற்று எண்பதில் நிற்கிறது.

முப்பத்தொன்று பூவாத்தாள் மட்டும் போகவில்லை.
போன தீபாவளிக்கு முந்தைய நாள்
போனஸ் பணம் கொடுக்கப் போனேன்.
பொழுது இறங்கிவிட்டது.
முன்னெல்லாம் படலண்டை நின்று
ஒரு செருமல் செருமினால் போதும்.
வாசலில் ஆம்பளைச் செருப்பு ஒரு ஜோடி,
புதுசு, மண் ஒட்டாதது.
கொடியில் ஒரு லுங்கி.
உள்ளே விளக்கு அணைந்தது.

"ஆரது? ஊட்டுக்காரரு சோறு உங்கறாரு.
ஏனுங்க, ஆரோ வந்திருக்குறாங்க பாருங்க!"

அவர் போய் ஐந்து வருஷம்.
எழவுக்கு நானும் போயிருந்தேன்.

"அண்ணன் உங்கட்டுங்கக்கா," என்றேன்.
"காலைல வர்றேன்."

இடுப்பில் பணம்.
வேலியில்லாத இட்டேரி.
பக்கத்தில் யாரோ வருகிற மாதிரி
சத்தமாகப் பேசிக்கொண்டே நடந்தேன்,
மழை பற்றி, தீவன விலை பற்றி,
நடுநடுவே
அவர் பதில் சொல்வதற்கு
கொஞ்சம் இடம் விட்டு.