விரும்பும் பணி

குன்னூர் பஸ் ஸ்டாண்டுக்கு மேலே
பதினோரு படி ஏறினால் என் கடை.
ஜெராக்ஸ், லேமினேஷன், தமிழ் டைப்பிங்.
மழைக்கு ஒதுங்குகிறவர்கள்
பாஸ்போர்ட் போட்டோ எடுத்துக்கொண்டு போவதும் உண்டு.

பட்டாளத்திலிருந்து வந்தவர்களைப் பார்த்ததும் தெரியும்.
படியேறியும் மூச்சு வாங்காது.
உட்காரச் சொல்லும்வரை நிற்பார்கள்.

பெள்ளிராஜும் நின்றார்.
பிளாஸ்டிக் உறைக்குள் டிஸ்சார்ஜ் புத்தகம்.
பதினேழு வருடம், நாலு மாதம்.
நடத்தை: முன்மாதிரி.
வயது முப்பத்தாறு.
"விரும்பும் பணி?" என்றேன்.
"வாட்ச்மேன்னு போடுங்க."

நான் போடவில்லை.

என் அண்ணனும் இப்படித்தான் வந்தான்.
சிக்கிமில் ஏதோ ஓர் ஆற்றின் மேல்
ஒரே ராத்திரியில் இரும்பைப் பூட்டி
விடியும்போது லாரி போக வைத்த கை.
அவன் சொன்னான், நான் அடித்தேன்: காவலாளி.
கோயம்புத்தூரில் ஒரு ஏடிஎம் கதவை
ஒன்பது வருடம் திறந்துவிட்டான்
காசெடுக்க வந்தவர்களுக்கு.
எழுத்துப்பிழை ஒன்றுகூட இல்லாத விண்ணப்பம் அது.

"அங்கே என்ன வேலை பார்த்தீங்க?"
"டியூட்டி."
"என்ன டியூட்டி?"
"சொன்ன டியூட்டி."

அப்போது கரண்ட் போனது.
பாதி அடித்த பெயரோடு திரை கறுத்தது.
கீழே பேக்கரிக்காரர் ஜெனரேட்டரை உசுப்பினார்.
இருமியது, பிடித்தது, மறுபடி இருமியது.
பெள்ளிராஜின் தலை லேசாகச் சாய்ந்தது,
எங்கோ அழும் குழந்தை தன்னுடையதா என்று
காது கொடுப்பவரைப் போல.
"டீசல் லைன்ல காத்து ஏறியிருக்கு."

இருட்டில் சிலருக்குத்தான் பேச்சு வரும்.
லடாக்கில் பதினைந்தாயிரம் அடியில்
நாலு ஜெனரேட்டர் அவர் பொறுப்பு.
டீசல் கூழாகிற குளிர்.
வெறுங்கையால் ஸ்பேனரைத் தொட்டால்
தோல் ஸ்பேனரோடு போய்விடும்.
ராத்திரி ஒரு மிஷின் நின்றால்
விடிவதற்குள் கூடாரத்தில் யாராவது
என்று ஆரம்பித்து, விட்டுவிட்டார்.
கொஞ்ச நேரம் கழித்து,
"நிக்க விடலை. ஆறு குளிர்காலம்" என்றார்.

கரண்ட் வந்தது.
டீசல் ஜெனரேட்டர், இயக்கமும் பராமரிப்பும்: நான்கு.
தடையில்லா மின்வழங்கல்: ஆறு ஆண்டுகள்.
"ஐ.டி.ஐ. படிக்கலையே மேடம்."
ராணுவத் தொழிலுக்கு எந்தச் சான்றிதழ் சமம்
என்று சொல்லும் பட்டியல் ஒன்று
என் இழுப்பறையில் இருக்கிறது,
அண்ணனுக்கு அப்புறம் தேடிப் பிடித்தது.
அதையும் ஒரு நகல் எடுத்துப் பின் அடித்தேன்.
அதற்குக் காசு வாங்கவில்லை.
விரும்பும் பணி:
நீர்மின் நிலையம், ஷிப்ட் ஆபரேட்டர்.
இரண்டு தரம் வாசித்தார்.
"இதுல பொய் ஒண்ணும் இல்லையே?"
"நீங்க சொன்னதுதான். நான் டைப் பண்ணேன்."

மூன்று முறை திரும்பி வந்தது.
ஒரு இடத்தில் வயது, ஒரு இடத்தில் முத்திரை,
ஒரு இடத்தில், "கேட்டுல ஆள் வேணும், வர்றீங்களா?"
நாலாவது, குந்தா பக்கம். கான்ட்ராக்ட். பதினோரு மாதம்.

ஐப்பசி மழையில் குடையில்லாமல் வந்தார்.
பவர்ஹவுஸுக்கு விஞ்சில் இறங்கிப் போகணுமாம்,
காட்டெருமை மேய்கிற சரிவில்,
தண்ணீர் விழும் பெருங்குழாய்களை ஒட்டியே.
சம்பளம் பற்றிக் கேட்டேன். சொன்னார். சுமார்தான்.
"ஆனா தூக்கம் வருது மேடம்."

ஹட்டியில் இரவு அத்தனை அமைதி.
சத்தம் இல்லையென்றால் அவருக்கு விழிப்பு தட்டும்,
கால் பூட்ஸைத் தேடும்.
பாவம், கமலி ஒரு நடுராத்திரியில்
மிக்ஸியை ஓடவிட்டுப் பார்த்தாளாம்.
இங்கே குவார்ட்டர்ஸ் சுவர் வழியாக
டர்பைன் முனகிக்கொண்டே இருக்கிறது.
படுத்தால் விடிகிறது.

இதை அடிக்க எந்தப் படிவத்திலும் கட்டமில்லை.

பி.எஃப். நம்பர் இன்னும் வரவில்லை,
அதற்கு ஒரு மனு அடித்துக் கொடுத்தேன்.
அவருக்குப் பின்னால் இரண்டு பேர்,
பிளாஸ்டிக் உறையோடு, மூச்சு வாங்காமல்,
நின்றுகொண்டு.
"உட்காருங்க" என்றேன்.
"வாட்ச்மேன் அப்புறம் போடலாம்.
அங்கே எதை நிக்க விடாம பாத்துக்கிட்டீங்க,
அதை முதல்ல சொல்லுங்க."