பதினான்காம் கேள்வி

பிறையில் ரயில் கடந்தால்
எங்கள் ஆசிரியர் அறைக் கண்ணாடி அதிரும்.
அன்று அது அதிர்ந்து அடங்கியபோது
மேசைமேல் பதினொரு தாள்கள்.

பல்கலைக்கழகத்துப் பிள்ளை ஒருத்தி
வைத்துவிட்டுப் போனாள்.
பெயர் எழுத வேண்டாமாம்.
வயது, சேவை ஆண்டு,
அப்புறம் வெறும் கட்டங்கள்.

ஓய்வுவேளை இருபதே நிமிடம்.
நாசி லெமாக் பொட்டலத்தைப் பாதி பிரித்தபடி
சிவப்பு மையில் நிரப்பினோம்
(வேறு மை எங்களிடம் ஏது?)

"எட்டாவதுக்கு என்ன போட்ட?"
கேட்டவள் தேவகுஞ்சரி,
காப்பியடித்தால் காதைத் திருகுபவள்.
கட்டி வலிக்காமலும் இருக்கலாம்: சரி.
குடும்பத்தில் எவருக்கும் இல்லையென்றால்
நமக்கும் வராது: பிழை.
எல்லாம் தெரியும்.
நலக்கல்விப் புத்தகத்தைக் கரைத்துக் குடித்தவர்கள்.
திருத்தினால் நூற்றுக்கு நூறு.

பதினான்காம் கேள்வி:
மேமோகிராம் கடைசியாக எப்போது எடுத்தீர்கள்?

சம்பல் காய்ந்துகொண்டிருந்தது.
மின்விசிறிக்கு மட்டும்தான் வேலை.

கிளினிக்கில் கொடுத்த கடிதம்
மார்ச் மாதத்திலிருந்து என் பதிவேட்டில்
அடையாளத் தாளாக இருக்கிறது.
தினமும் அதை ஒரு பக்கம் நகர்த்துகிறேன்.

"நான் போனா நாலாம் ஆண்டுக்கு யாரு?
கூரையப் பிரிச்சிடுவானுங்க" என்றாள் ரோஸ்லின்.
"படம் எடுக்கறது ஆம்பளயா?"
யார் கேட்டதென்று தெரியவில்லை,
எல்லார் குரலும் அதே மாதிரி இருந்தது.
"போய்ப் பாத்து
ஏதாச்சும் இருந்துட்டா?"
இந்துமதி இதைத் தன் பொட்டலத்திடம்தான் கேட்டாள்.
அதற்குப் பிறகு
யாரும் யாரையும் பார்த்து எழுதவில்லை.

வலி மிகும் இடம், மிகா இடம் என்று
இருபத்திரண்டு வருடம் கற்பிக்கிறேன்.
வீட்டில் அவரிடம் சொல்லும்போது
'அந்த டெஸ்ட்' என்கிறேன்.
மார்பகம்.
ஐந்தே எழுத்து.
பிள்ளைகள் எழுதியிருந்தால் வட்டமிட்டுக் கேட்டிருப்பேன்,
எங்கே பெயர்ச்சொல்?

மங்களேஸ்வரி, துணைத்தலைமையாசிரியை,
ரிலீஃப் புத்தகத்தை இழுத்துத் திறந்தார்.
"புதன்கிழமைக்கு ஒருத்தி.
மூணாவது பாடவேளை நான்.
நாலாவது குஞ்சரி.
அகர வரிசையில போங்க."
எனக்கு அமிர்தவள்ளி என்று பெயர் வைத்த அப்பாவை
அன்றைக்குத்தான் நொந்துகொண்டேன்.

புதன். பட்டர்வொர்த் ஃபெர்ரி.
பள்ளி நேரத்தில் கடலைப் பார்ப்பது
பொய் எம்சி எடுத்ததுபோல் உறுத்தியது.
எதிர் இருக்கையில் ஒரு சீனத்துக் கிழவர்
மீன் கூடையோடு நிம்மதியாக உறங்கினார்.

படம் எடுத்தது பெண்தான்.
மலாய்க்காரப் பெண், என் மகள் வயது இருக்கும்.
தட்டு, சட்டினி அரைத்த அம்மிபோல் சில்லென்று.
"தாஹான் நாஃபாஸ், சிக்கு."
மூச்சைப் பிடிக்கச் சொல்கிறாள்.
அசையாதே, பேசாதே, நேராக நில்.
நான் சொன்னதெல்லாம் எனக்கே திரும்பி வந்தது.
நசுங்கும்போது வலித்தது,
அலமாரிக் கதவில் விரல் மாட்டியது போல.
எண்ணிப் பார்த்தேன்,
ஒன்பது வரை கூடப் போகவில்லை.
இதற்கா ஏழு மாதம்?

திரும்பும்போது கச்சாங் பூத்தே வாங்கி
பையிலேயே வைத்து மறந்தேன்.

மறுநாள் வகுப்பில் கவிநேசன் எழுந்தான்.
"டீச்சர், நேத்து எங்க போனீங்க?"
"பரீட்சைக்கு."
"பாஸா டீச்சர்?"
"இன்னும் திருத்தல."

அவனுக்குப் பரம திருப்தி.
உட்கார்ந்தான்.

சரி, பக்கம் நாற்பத்திரண்டு. இணைமொழி.
எல்லாரும் சொல்லுங்க:
மேடு பள்ளம்.
முப்பத்தொரு குரல்கள்
கூசாமல் கத்தின,
மேடு பள்ளம்.