நூல் அசையாத உயரம்

லண்டன்பேட்டையில், அப்ரோஸ் பட்டறையில்,
அட்டைப்பெட்டியைப் பிரித்தபோது
மீன்தொட்டியின் ஒரு பக்கம்போல் இருந்தது.
பாலிகார்பனேட். நான்கு மில்லி. இலேசான புகை நிறம்.
நான்கு துளை, நான்கு போல்ட்,
ரப்பர் வாஷர் மட்டும் மூன்று.

"ரொம்ப டைட் வைக்காதீங்க, தெறிச்சிடும்" என்று
அவனுக்கே நான் சொன்னேன்.
படித்துவிட்டு வந்திருந்தேன்.
அவன் ஒன்றும் சொல்லாமல்
பழைய டியூப்பில் நாணய அகலத்துக்கு வெட்டி
நடுவில் ஆணியால் குத்தி
நாலாவது வாஷரைச் செய்தான்.
போல்ட் கழலாத பசையை எடுத்தவன்
மூடித் திரும்ப வைத்தான்.
"இது பட்டாத்தான் தெறிக்கும்."

பழைய கண்ணாடி ஒரு சாண்.
காற்றைத் தடுக்காது, தூக்கி என் நெற்றியில் எறியும்.
ஆடியில் வலப்பக்கத்துக் காற்றும் சேர்ந்துகொண்டால்
காரிமங்கலம் வருவதற்குள் கழுத்து மரத்துவிடும்.
இரவு படுத்தபிறகும்
காதுக்குள் ஒரு குக்கர் அடங்காது.

மகள் நஸ்ரீனின் கைவேலைப் பெட்டியிலிருந்து
சிவப்புக் கம்பளி நூல் கொண்டுவந்தான்.
விளிம்பில் ஏழு துண்டு,
என் ஹெல்மெட்டில் நான்கு, செலோடேப் போட்டு.
"எண்பதுல போங்க. உங்க தலையில இருக்கறத
பக்கத்துல வந்து நான் பாக்கறேன்."

முதல் ஓட்டத்தில் நூல்களுக்குச் சாமி வந்தது.
இரண்டாவதில் இடது ஓரம் மட்டும் ஆடியது.
சாய்வை ஒரு துளை மாற்றினான்,
விளிம்பு மூக்குக்கு நேர், பார்வை அதற்கு மேலே.
மூன்றாவது ஓட்டம்,
காவேரிப்பட்டணம் பைபாஸ்,
பதினொரு நூலும் படுத்துக்கொண்டன.

சங்கிலி ஓடுவது கேட்டது.
இண்டிகேட்டர் டிக் டிக் என்பது கேட்டது,
அது சத்தம் போடும் என்பதே எனக்குத் தெரியாது.
பிறகு ஒரு குரல்.

சொட்டுநீர்க் குழாய் விற்கிறேன், மூன்று வருடமாக.
காலை எட்டுக்குப் பத்ரிநாத் சாரின் டார்கெட் போன்.
அது முடிந்து கிளம்பினால்
தொப்பூர் வரைக்கும் ஹெல்மெட்டுக்குள்
அவரைக் கிழித்துத் தொங்கவிடுவேன்.
அப்படித்தான் நினைத்திருந்தேன்.
காற்று வாங்கிக்கொண்டு போகிறது,
எவனுக்குக் கேட்கப்போகிறது என்று
தைரியமாகத் திட்டியிருந்தேன்.

கேட்டது இதுதான்:
சரிங்க சார். சரிங்க சார். பாத்துக்கறேன் சார்.
வருகைப் பதிவுக்கு எழுந்து நிற்கிற
ஐந்தாம் வகுப்புக் குரல்.

"எப்படி இருக்கு?" என்றான் அப்ரோஸ்.
நூல் ஆடல என்றேன்.
சுவரில் ஆக்சா பிளேடு தொங்கியது.
ரெண்டு இஞ்ச் அறுத்துக் கொடு என்று
கேட்டுவிடலாமா என்று இருந்தது.
கூலி முந்நூறு கொடுத்தேன்.
வாஷருக்குக் காசு வாங்கவில்லை.

திங்கட்கிழமை போன் தாமதமாக வந்தது.
தொப்பூர் இறக்கம் தொடங்குகிற இடம்,
ஹெல்மெட்டுக்குள் அவர்.
"என்னம்மா, வண்டிய நிறுத்திட்டியா?
காத்துச் சத்தமே இல்ல."
ஓடிட்டுதான் இருக்கு சார்.
"நல்லது. இந்த மாசம் பதினெட்டு லட்சம். சரியா?"

பிய்க்காமல் விட்ட ஒரே ஒரு நூல்
கண்ணாடி விளிம்பில் கிடந்தது.
லாரிகள் இரண்டாம் கியரில் முனகி இறங்கின,
பிரேக் கருகும் வாசனை மட்டும்
தடுப்பைத் தாண்டி வந்தது.
ஒரு டேங்கர்.
தக்காளி ஏற்றிய ஒரு மினி லாரி.
கிரானைட் கல்லோடு ஒரு நீள டிரெய்லர்,
அதைத் தாண்ட நேரம் பிடித்தது.
மூன்றும் பின்னால் போகும்வரை
நான் வாயைத் திறக்கவில்லை.

"ஹலோ" என்றார்.
வளைவு வந்தது, சாய்ந்தேன்.
"ஹலோ? கேக்குதா?"