கவரேஜ் கொப்பி

கம்பனிக்காரன் தந்த வரைபடத்தில்
தீவு முழுக்கப் பச்சை.
நெத்தலி வாலளவு வெள்ளைகூட இல்லை.
அதை அலுமாரியின் முதுகில் ஒட்டிவிட்டு
என் சி.ஆர். கொப்பியை விரிப்பேன்,
அட்டையில் தேத்தண்ணி வட்டம்.

இரண்டாம் குறுக்குத் தெரு, மாடிப்படிக்குக் கீழே
நாலடிக்கு ஆறடி என் கடை.
சிம் வாங்க வருகிறவர்கள்
ஊர்ப்பெயரைச் சொல்லிவிட்டுத்தான் விலை கேட்பார்கள்.
போய்த் திரும்பினால் திட்டுவார்கள்,
சிலர் சிரிப்பார்கள்.
இரண்டையும் எழுதிக்கொள்வேன்.

பசறைக்கு மேலே, கீழ்ப்பிரிவு: நீலம், ஒரு கோடு.
மழைக்கு அதுவுமில்லை.
மேல்பிரிவு: சிவப்பு,
பிள்ளைக்காம்பராப் படியில் மட்டும்.
சிலாவத்துறை: கரையில் மூன்றும் எடுக்கும்.
கடலுக்குள் சிவப்பு ஆறு மைல், செபமாலை சொன்னது.
ஒன்பது மைல், அவர் மச்சான் சொன்னது.
(இருவரும் கதைப்பதில்லை. ஏழு என்று போட்டிருக்கிறேன்.)
நெடுங்கேணி தாண்டி மஞ்சள்:
யானை துரத்தினாலும் கோல் வெட்டுப்படாது,
லொறிக்காரர் குகதாசன். பொய்யாகவும் இருக்கலாம்.

என் கடைக்குள் எதுவுமே எடுக்காது.
மேலே நாலு மாடிக் கொங்கிறீட்.
ஒவ்வொரு சிம்மையும் சோதிக்க
வாசலுக்குப் போய்
நாட்டாமிகளின் வண்டிக்கு ஒதுங்கி
கையை உயர்த்தி நிற்பேன்.

நேற்று மத்தியானம் தவமலர் வந்தாள்.
பம்பலப்பிட்டியில் ஒரு வீட்டில் சமையல்,
இந்த மாதத்தோடு நிறுத்திவிட்டு ஊருக்காம்.
"எந்தப் பக்கம்?"
"பசறைக்கு மேல. கீழ்ப்பிரிவு."
"நீலம்" என்றேன், கொப்பியைத் திறக்காமலே.
"அது எடுக்குங்களா?"
"ஒரு கோடு."
மேசைத் தூசியில் விரலால் அந்த ஒரு கோட்டை வரைந்தாள்.
பிறகு அழித்தாள்.
"எது எடுக்காதுண்ணே?"

லோன்காரன் விடிய ஆறுக்குத் தொடங்குவானாம்.
அவள் எடுக்காவிட்டால்
குழுவில் கையெழுத்துப் போட்ட நாலு பேருக்கும் எடுப்பானாம்.
"புது நம்பர நானே குடுத்துருவேன்.
குடுக்கலன்னா ஓடிட்டான்னு சொல்லுவாங்க.
அடிச்சா கெடைக்கக் கூடாது, அவ்வளவுதான்."

பதினாறு வருஷத்தில் ஒருவரும் இப்படிக் கேட்டதில்லை.
கொப்பியைப் பின்பக்கத்திலிருந்து புரட்டினேன்.
நான் திட்டு வாங்கிய ஊர்களெல்லாம்
ஒவ்வொன்றாக நல்ல ஊர்களாகிக்கொண்டிருந்தன.
"மஞ்சள்" என்றேன். "அங்கே சுத்தமாக இல்லை."
ஐம்பது ரூபா குறைத்தேன். ஏனென்று தெரியாது.

சோதிக்க வாசலுக்குப் போனோம்.
ஐந்து கோடும் நிமிர்ந்து நின்றன.
அவள் என்னைப் பார்த்தாள்.
"இது கொழும்பு" என்றேன்,
"பதுளை தாண்டினதும் ஒவ்வொன்றாக விழும்."
அதற்குள் போன் அடித்தது,
யாருக்கும் கொடுக்காத நம்பருக்கு.
அவள் கை நடுங்கியது. நான்தான் வாங்கிக் கேட்டேன்:
நாடெங்கும் நாங்கள் உங்களோடு,
பதிவுசெய்த ஒரு பெண்குரல், மூன்று மொழியில்.

சில்லறையை முந்தானையில் முடிந்துகொண்டு போனாள்.
"போய்ப் பார்த்துச் சொல்லுங்க" என்றேன்,
எல்லோருக்கும் சொல்கிற மாதிரி.
பேனையை எடுத்து, அந்த வரிக்குப் பக்கத்தில்
இடம் விட்டு வைத்த பிறகுதான்
எப்படிச் சொல்வாள் என்று யோசித்தேன்.