டிஸ்ப்ளே பீஸ்

ஆனி முழுக்க விலையை வேவு பார்த்தேன்.
அரிசி ஆலைப் பேரேட்டின் கடைசித் தாளில்,
முதலாளி புரட்டாத பக்கத்தில், பென்சிலால்:
ஏழாம் தேதி பதினெட்டாயிரத்துத் தொள்ளாயிரம்.
இருபத்தொன்று, அதேதான்.
ஆடி மூன்று, ஆயிரம் இறக்கம்.
பழைய போனைக் கொடுத்தால் இன்னும் ஐந்நூறு.
என் பழைய போனைப் பார்த்ததும்
அந்த ஐந்நூறு இருநூறாயிற்று.

செக்காலை ரோட்டு மாலின் இரண்டாம் மாடியில்
குளிருக்கு மட்டும் காசு கேட்பதில்லை.
சனிக்கிழமைதோறும் புதுவயலில் பஸ் ஏறி வருவேன்.
அதே மேசை, அதே நீலநிறப் போன்
பயிர் மேய்ந்த மாடு மாதிரி
சங்கிலியில் கட்டிக் கிடக்கும்.
தொட்டுப் பார்ப்பேன். கேமராவைத் திறந்து மூடுவேன்.
"எடுத்துக்கிறீங்களா சார்" என்பதை
மூன்றாம் வாரமே நிறுத்திவிட்டாள்
ஜெசிந்தா என்று பெயர் குத்திய பெண்.

பொறுத்தவனுக்குக் கிடைக்கும் என்பது என் கட்சி.
அமாவாசைக்கு இறங்காதது பெருக்குக்கு இறங்கும்,
பெருக்குக்கும் இறங்காதது
கடைசி ஞாயிறு இரவு ஒன்பதுக்கு இறங்கும்,
ஷட்டரைப் பாதி இழுத்துவிட்ட பிறகு.
விற்பவனும் வீட்டுக்குப் போகவேண்டும் அல்லவா.

இறங்கியது.
புதுசு தீர்ந்துவிட்டதாம்.
இருப்பது இந்த டிஸ்ப்ளே பீஸ்தான்,
அட்டைப்பெட்டி கிடையாது, சார்ஜர் கிடையாது.
இருபதாயிரத்துத் தொள்ளாயிரத்தின் மேல் சிவப்புக் கோடு,
கீழே பன்னிரண்டாயிரத்து நானூறு.
இருபதாயிரம் எப்போது இருந்தது என்று
கேட்கத் தோன்றவில்லை.
அடிமாட்டு விலை!
ஜெசிந்தா கட்டர் கொண்டுவந்து சங்கிலியை வெட்டினாள்.
வெட்டிவிட்டு ஒரு நிமிடம்
கையிலேயே வைத்திருந்தாள்.

கடைசி பஸ். சன்னலோரம். சார்ஜ் பதினொரு சதவீதம்.
கழனிவாசல் தாண்டியதும் கேலரியைத் திறந்தேன்.
நானூற்றுப் பன்னிரண்டு படங்கள்.

யார் யாரோ.
மூக்கு மட்டும் ஒன்று. உள்ளங்கை ஒன்று.
கூரை விளக்கு, கூரை விளக்கு, கூரை விளக்கு.
ஐஸ்கிரீம் ஒழுகும் தாடை.
கல்யாணச் சாமான் வாங்க வந்த மூன்று பெண்கள்,
நடுவில் இருப்பவள் மட்டும் சிரிக்கவில்லை.
தன் வழுக்கையைப் பின்னாலிருந்து பார்க்க முயன்ற
போலீஸ்காரர், ஐந்து தடவை.
நான், ஒன்பது தடவை,
எல்லாவற்றிலும் திருட வந்தவன் மாதிரி.
இரவு ஒன்பது ஐம்பதுக்கு எடுத்ததெல்லாம் ஜெசிந்தா.
சீருடையோடு, கழற்றிய செருப்பு ஒரு கையில்,
பின்னால் காலியான மாடி,
நாளுக்கு ஒரு சிரிப்பு.

தள்ளிக்கொண்டே போனேன். வைகாசி. சித்திரை.
பல் முளைக்காத குழந்தை ஒன்றின்
தோளுக்குப் பின்னால் விலை அட்டை.
இரண்டு விரலால் இழுத்துப் பெரிதாக்கினேன்.
பதினோராயிரத்துத் தொள்ளாயிரம்.
புதுசு. பெட்டியோடு. சார்ஜரோடு.

நான் பென்சில் எடுத்த ஏழாம் தேதிக்கு முன்பே
வேறு யாரோ கணக்கு எழுதி முடித்திருக்கிறார்கள்.

கோபம் கண்டனூர் வரை இருந்தது.
நாளைக்கே போய் மேனேஜர் மூஞ்சிக்கு நேரே
இந்தப் படத்தை நீட்டவேண்டும்.
நீட்டினால் வாங்கிப் பார்ப்பார்,
பார்க்கிறவர் விரல் சும்மா இருக்காது.
அடுத்த படம் ஜெசிந்தா.
அதற்கடுத்ததும்.

அவளை எடுத்துவிட்டுக் காட்டினால் என்ன?
நாற்பத்து மூன்று ஜெசிந்தாவையும்
ஒவ்வொன்றாய்த் தொட்டுக் குறித்தேன்.
அந்தச் செருப்புப் படத்தில் கொஞ்சம் தயங்கினேன்.
அழிக்கவா என்று கேட்டது போன்.
ஒரு சதவீதம்.
பதில் சொல்வதற்குள்
அதுவே அணைந்துகொண்டது.

சார்ஜர் தனியே எண்ணூற்றுத் தொண்ணூற்றொன்பது.
காலை பத்து மணிக்குள் வந்தால் பாதி விலையென்று
பில்லின் பின்பக்கம் அச்சடித்திருக்கிறது.