பத்தொன்பதாம் நம்பர்

முட்டம் துறைமுகம், விடியல் மூணே முக்கால்.
ஏலக்கூடத்துக்கு மேலே தகரக்கூரை அறை,
ஃபேனில் மீன்வாடை சுற்றுகிறது.
பெர்க்மான்சின் விசைப்படகு கட்டியாகிவிட்டது,
பெட்டி பெட்டியாக நவரை இறங்குகிறது.

கீழே கணக்கன் டைட்டஸ்
அந்தப் படகின் வரியைப் பூட்டி வைத்திருக்கிறான்:
ஏலக்காரர் பன்னிரண்டை அடித்துப் பத்தொன்பது.
பத்தொன்பது புது ஆள், குளச்சல்காரி ஜெபசீலி.
அவள் பெயரையும் அதே மூச்சில் பதிகிறான்.
பதிந்தான், முடிக்கவில்லை.
டீ வந்துவிட்டது.

மேலே நான் கேட்கிறேன்:
எந்தப் படகு, யாருடைய ஏலம்,
இரண்டு அட்டவணையையும் சேர்த்துச் சொல்,
நான் சீட்டு அடிக்கும்வரை
படகின் வரியை வேறெவரும் தொடாமல் பிடித்து வை.

கேள்வி போய்ப் பூட்டின் முன் நிற்கிறது.
கர்சர் மினுங்குகிறது, மினுங்குகிறது.
டைட்டஸ் கிளாசைக் கவிழ்த்துவிட்டு
என்டரைத் தட்டுகிறான்.

பூட்டுத் திறந்ததும்
படகின் வரியை மறுபடி வாசிக்கிறது என் கேள்வி.
நல்ல பழக்கம்தான். பத்தொன்பது என்றிருக்கிறது.
ஏலக்காரர் பட்டியலை மட்டும்
கிளம்பும்போது கண்ட கோலத்திலேயே வைத்திருக்கிறது;
அதில் பதினெட்டோடு ஆட்கள் தீர்ந்துபோனார்கள்.

ஸ்கிரீனில்: பூஜ்யம் வரிகள்.

பன்னிரண்டென்று பழையது வந்திருந்தால்
சண்டையாவது போட்டிருக்கலாம்.
பத்தொன்பதென்று வந்திருந்தால் சீட்டு அடித்திருக்கலாம்.
இது, டீக்கு முன்னும் இல்லாத பின்னும் இல்லாத
ஏதோ ஒரு நேரம்.
அதில் படகே இல்லை.

"எனக்க போட்டு இல்லியா?
ஜன்னலத் தொறந்து பாரு பிள்ளே."

திறந்தேன்.
நீலம், பாதி உதிர்ந்த எண்,
கயிற்றில் காயாத லுங்கி.
பக்கத்தில் ஜெபசீலி
ஐஸ் உடைக்கிறவனை ஏசிக்கொண்டிருக்கிறாள்,
பட்டியலில் இல்லாத தன் கையை வீசி வீசி.

ஓர் எழுத்தும் மாற்றாமல் மறுபடி கேட்டேன்.
வந்தது.
படகு, பத்தொன்பது, ஜெபசீலி.

சீட்டை மடித்துக்கொண்டே பெர்க்மான்ஸ் கேட்டார்:
"அப்போ முன்ன பொய் சொன்னது ஆரு?"

ஆருமில்லை அண்ணா.
டைட்டஸ் சரியாக எழுதினான்,
பூட்டு சரியாகப் பூட்டியது,
கேள்வி மரியாதையாகக் காத்து நின்றது.
ஒரு கண்ணால் இப்போதையும்
மறு கண்ணால் அப்போதையும் பார்த்துவிட்டது.

இதை அவரிடம் சொல்லவில்லை.
டைட்டஸின் மேசைக்கு ஒரு துண்டுச்சீட்டு எழுதினேன்:
முடித்துவிட்டு டீ குடி.
பிழை அங்கே இல்லையென்று எனக்குத் தெரியும்.
திருத்த வேண்டியது என் கேள்வியை.

முகத்துவாரத்தில்
அடுத்த படகு விளக்குக் காட்டுகிறது.