விகுதி

நாலாவது மாடி நாய்க்கு
'வாங்க, சாப்பிடுங்க, செருப்பைக் கடிக்காதீங்க' என்று
முழு மரியாதை.
லிஃப்டில் அதற்கு வழிவிட்டு
சுவரோடு ஒட்டி நின்றிருக்கிறேன்,
'போங்க போங்க' என்று
நானும் சொல்லி.

கேட்டில் இருப்பவருக்கு ஐந்து வருடமாக
செக்யூரிட்டி என்று பெயர்.
செக்யூரிட்டி, மோட்டாரைப் போடு.
செக்யூரிட்டி, கூரியர் வந்தா வாங்கி வை.
அவர் மீசை
என் அப்பாவின் மீசையைவிட வெளுத்தது.
தெரிந்தும் வாய் வந்து நிற்பது
'வை'யில்.
அதற்கு அப்பால் இரண்டே எழுத்து.
காசா பணமா என்பார்கள்.
காசும் பணமும்தான் போலிருக்கிறது.

ஸ்கூட்டரில் ஒருவன் வந்து உரசினால்
முதல் சொல் 'டேய்'.
அவன் ஹெல்மெட்டைக் கழற்ற
உள்ளே அறுபது வயது இருந்தால்
'பாத்து வாங்க சார்'.
இரண்டையும் ஒரே மூச்சில்
சொல்லியிருக்கிறேன்,
வேளச்சேரி பாலத்தின் கீழே.

ஆடிச் செவ்வாய், சாயங்காலம்.
வண்டியை சர்வீஸுக்கு விட்டிருந்தேன்.
கிண்டியில் இருபத்தொண்ணு ஜி,
படியில் ஒரு கால், கம்பியில் ஒரு கை.
முன்னால் நின்ற கட்டம்போட்ட சட்டையிடம்
நோட்டை நீட்டி
'ஒரு குரோம்பேட்டை, கொஞ்சம் குடுத்துருங்களேன்' என்றேன்.

எவ்வளவு அழகாக வந்தது பாருங்கள்.
'ங்க' போதாதென்று
வாலில் ஒரு 'ளேன்' வேறு.
நோட்டு ஆறு கை மாறிப் போனது.
டிக்கெட்டும் சில்லறையும்
அதே ஆறு கை வழியாகத் திரும்பின.
ஒருவரும் எண்ணவில்லை,
ஒருவரும் நன்றி சொல்லவில்லை.
அந்தச் சொல்லை நாங்கள்
மைக்கை அணைக்கும்முன்தான் எடுப்போம்.

'இந்தாங்க, பாத்துக்குங்க'
கட்டம்போட்ட சட்டை திரும்பியது.
நீல உடுப்பு இல்லை, விசில் இல்லை,
தோளில் டிபன் பை.
ஆனால் மீசை.
'அட, சார்! நீங்களா?'
என்னைவிட ஒரு நொடி முந்தி
அவருக்கு அடையாளம் தெரிந்துவிட்டது.

அதற்குள் அவர் போன் அடித்தது.
'கன்னியப்பன்தாங்க பேசறேன்,
பஸ்ஸுல இருக்கேங்க.'
ஐந்து வருடம்.
ஒரு பஸ் இரைச்சலில் கிடைத்தது பெயர்.

கல்லூரிப் பையன் ஒருவன் எழுந்து
'ஐயா, உக்காருங்க' என்றான் அவரிடம்.
அவர் என்னைப் பார்த்து
'சார் உக்காரட்டும்' என்றார்.
நான் 'இல்ல இல்ல'.
அவர் 'பரவால்ல சார்'.
மீனம்பாக்கம் வரை
அந்த இருக்கையில் யாரும் இல்லை.
பிறகு ஒரு பள்ளிக்கூடப் பை உட்கார்ந்தது.

ஒரே நிறுத்தத்தில் இறங்கினோம்.
இருபதடி இடைவெளியில் நடந்தோம்.
வேகமாக நடந்தது நான்.

மறுநாள் காலை கேட்.
'செக்யூரிட்டி' தொண்டைவரை வந்து
திரும்பிப் போனது.
கன்னியப்பன் என்றால் பேர்சொல்லிக் கூப்பிடுவது.
அண்ணே என்றால் நாடகம்.
சட்டென்று 'வாங்க' என்றால்,
'இத்தனை நாள் எங்க வச்சிருந்தீங்க அதை?' என்று
கேட்டுவிட்டால்?
கேட்கமாட்டார்.
அதுதான் தொந்தரவு.

தமிழில் ஒரு பொந்து உண்டு
என் போன்றவர்களுக்கென்றே.
நீயும் இல்லை, நீங்களும் இல்லை,
ஆளே இல்லாத வினை.
வந்தாச்சா. கெளம்பியாச்சா.
கூடப் படித்தவன் மேலதிகாரியாக வந்தபோது
ஒரு வருடம் அதற்குள்தான் குடியிருந்தேன்.

'சாப்டாச்சா?' என்றேன்.

'ஆச்சுங்க' என்றார்,
கேட்டை அகலத் திறந்தபடி.

ஆள் இல்லாத அந்தச் சொல்லிலும்
அவருக்கு ஒட்டவைக்க
இடம் இருந்திருக்கிறது.

பல்லாவரம் சிக்னலில்
தொண்ணூறு விநாடி.
ஹெல்மெட்டுக்குள்
மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன்:
ஆச்சாங்க.
சாப்டாச்சாங்க.

பக்கத்து வண்டிக்காரர்
கண்ணாடியை ஏற்றிவிட்டு
'என்னங்க?' என்றார்.